ஆர்டி 350 ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடுகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

யமஹா ஆர்டி 350-ன் இந்திய வடிவமான ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். இரண்டு சைலன்சரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று ஒரு பக்கம் ஊமையாகிவிடும், ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் இழுக்காது. 1983-ல் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் தயாரிக்க ஆரம்பித்த வண்டி இது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றுக்கும் 30 வயது தாண்டிவிட்டது, அதனால் ஒரு பக்கம் படுத்துக்கொள்வது அதிசயமே இல்லை. அந்த நேரத்தில் பதற்றத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் வண்டியைக் கெடுக்கின்றன.

முதல் தவறு, நேராகக் கார்புரேட்டரைக் கழற்றுவது. நானும் அப்படித்தான் ஒரு முறை இரண்டு கார்புரேட்டரையும் மூன்று தடவை இறக்கி, கழுவி, மாட்டினேன். கடைசியில் பார்த்தால் வலது பக்க பிளக் கேப் உள்ளே விட்டுப்போயிருந்தது. ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும், சூடானால் போய்விடும். இந்த வண்டியில் கரன்ட் வேலையை முடிக்காமல் பெட்ரோல் வேலைக்குப் போகவே கூடாது.

எந்தப் பக்கம் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் நிறைய. வேண்டாம். ஷாக் அடிக்கும் என்பது மட்டுமில்லை, வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம், பிளக்குக்குக் கரன்ட் தரும் காயிலையே தின்றுவிடும். வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் கழித்து சைலன்சர் குழாய் சிலிண்டரில் சேரும் இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ‘சுர்’ என்று பொங்கி ஆவியாகிற பக்கம் உயிரோடு இருக்கிறது, சும்மா வழிந்து ஓடுகிற பக்கம்தான் நம் நோயாளி.

சரி, பக்கம் தெரிந்துவிட்டது. உடனே கடைக்குப் போய் பிளக், கேப், பாயின்ட் (பொறிக்காகக் கரன்ட்டைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), கண்டென்சர் (அந்தச் சுவிட்சில் பொறி பறக்காமல் காப்பது) எல்லாம் வாங்கி ஒரே நாளில் மாற்றுவதுதான் அடுத்த தவறு. வண்டி ஓடினாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாது, நல்ல நிலையில் இருந்த பழைய ஜப்பான் பொருளும் குப்பைக்குப் போய்விடும். ரெட்டை சிலிண்டர் வண்டியில் ஒரு பெரிய வசதி, சந்தேகப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஜோடி பக்கத்திலேயே இருக்கிறது. இடது பிளக்கை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாட்டிப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு இடம் மாறினால் பிளக்தான் காரணம். மாறவில்லை என்றால் கேப், அப்புறம் கண்டென்சர், அப்புறம் காயில் என்று ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. காயிலுக்கு மட்டும் கவனம் வேண்டும். இந்த எஞ்சினில் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும், அதனால் பிளக் ஒயரை மட்டும் மாற்றினால் பிஸ்டன் அடியில் இருக்கும்போது பொறி விழும், வண்டி ஓடவே ஓடாது. பாயின்டிலிருந்து வரும் ஒயரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பாயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் துகள் உள்ளேயே ஒட்டிக்கொண்டு மறுபடி மறுபடி கரியாகும். பாயின்ட் ஃபைலால் லேசாக ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான அட்டைத்துண்டை நடுவில் விட்டு இழுத்தால் போதும். சாயங்காலம் இருட்டிய பிறகு பாயின்ட் இருக்கும் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், ஒரு பாயின்டில் கொழுத்த நீலப்பொறி பறந்து மற்றதில் அது தெரியாவிட்டால் பொறி பறக்கும் பக்கத்துக் கண்டென்சர் போய்விட்டது. புதுக் கண்டென்சரை நம்பி பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், டப்பாவிலேயே செத்துப்போனவை ஏராளம்.

பாயின்ட் திறக்கும் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். அதை வைத்த பிறகுதான் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும், காதால் கேட்டு வைப்பது இந்த வண்டிக்கு ஆகாது. பிளக் துளையில் டயல் கேஜ் (பிஸ்டன் நகர்வதை அளக்கும் கருவி) வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வர 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். ஒரு பக்க டைமிங் முன்னால் போய்விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இவ்வளவும் சரியாக இருந்து, கழற்றிய பிளக் காய்ந்து கிடந்தால்தான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். ஐடிலிங்கில் மட்டும் ஒரு பக்கம் செத்து, வேகத்தில் உயிர் வந்தால் பெரும்பாலும் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு. அதைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் ஜெட் வீண். காற்றடித்தால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, “ஒரு சிலிண்டரில் ஓடுகிறதே, அப்படியே வீடு போய்ச் சேரலாம்” என்பது. காரணம் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலாக இருந்தால் அது எஞ்சினையே முடித்துவிடும். வலது பக்க சீல் போனால் கிளட்ச் பக்கத்திலிருந்து கியர் ஆயிலை உறிஞ்சும், அந்தப் பக்கம் மட்டும் வெள்ளைப் புகை, பிளக் நனைந்துகொண்டே இருக்கும், கியர் ஆயில் அளவு குறையும். இதுவாவது கண்ணுக்குத் தெரியும். இடது பக்க சீல் காற்றை இழுக்கும். புகை வராது, ஐடிலிங் தானாக ஏறும், பிளக் வெள்ளையாக வெளுத்திருக்கும், வண்டி வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகப் போவது போலக்கூடத் தோன்றும், பிறகு ஒரு நாள் நல்ல வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வேகத்தில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்றேற்றி, ஆறு நிமிடம் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் மேக்னட் மூடியைக் கழற்றிவிட்டு சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும்.