நாய் உண்ணி: பிடுங்குவது எப்படி, வீட்டை விட்டு விரட்டுவது எப்படி

“செம்பனைக் காட்டுக்குள்ள ஓடி உண்ணிய ஏத்திக்கிட்டு வந்துடுச்சு” என்றுதான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் சொல்வோம். பாமாயில் மரங்கள் நிற்கிற அந்தக் காட்டுமேல் வீண்பழி. நம் நாய்களிடம் அதிகம் பார்க்கிற பழுப்பு உண்ணி, வீட்டுக்குள் குடித்தனம் நடத்துகிற சாதி. தோட்டத்துப் பழைய லயத்து (வரிசை) வீடோ, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடோ, சுவரில் விரிசல் இருந்தால் அதற்குப் போதும். அதனால் இந்தச் செய்முறையில் பாதி வேலை நாயிடம், மீதி வேலை வீட்டிடம்.

படி 1: தேடுங்கள்

வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து, முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு, வால் அடி. விரல் இடுக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பி இருக்கும், சுலபமாகக் கண்ணில் படும். தட்டையாக, எள்ளளவில் ஒட்டிக்கிடப்பவைதான் ஏமாற்றும்.

படி 2: பிடுங்குங்கள்

புருவ முடி எடுக்கிற ட்வீசர் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டிய தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே இழுங்கள். வாய்ப்பகுதி கொஞ்சம் உள்ளே நின்றுவிட்டால் குடையாதீர்கள், தானாக வெளியேறிவிடும். இடத்தை ஆன்டிசெப்டிக் தொட்டுத் துடைத்தால் சரி.

எடுத்ததை நகத்தால் நசுக்க வேண்டாம், அதன் உடம்பில் இருக்கிற கிருமி உங்கள் கையில் ஏறும். தண்ணீரில் போட்டாலும் லேசில் சாகாது. மூடி போட்ட போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள்.

“மண்ணெண்ணெய தடவு தம்பி, தன்னால விழுந்துடும்” என்று சொல்ல ஒவ்வொரு லயத்திலும் ஓர் அக்கா இருப்பார். அக்கா சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுங்கள், தடவ மட்டும் வேண்டாம். நாயின் தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு.

படி 3: நாய்க்கு மருந்து

ஷாம்பு குளியல் அன்றைக்கு மட்டும்தான். மாத்திரைதான் நம்பகமானது: நெக்ஸ்கார்ட் ஒரு மாதத்துக்கு, பிராவெக்டோ மாத்திரை ஏறக்குறைய 12 வாரத்துக்கு. எடைக்குத் தகுந்த மாத்திரையைத்தான் வாங்க வேண்டும். பெரிய நாய் மாத்திரையை உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுக்கிற சிக்கனம் இதில் ஆகாது. நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்த பிறகும் உண்ணி ஏறும். கடித்த பிறகுதான் அது சாகும். அதைப் பார்த்து மருந்து பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் பூனை இருந்தால் இன்னொன்று: நாய்க்கு முதுகில் ஊற்றுகிற சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனையைக் கொன்றுவிடும்.

படி 4: வீடு

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, தரையில் நிற்காது, சுவரேறும். விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஏறக்குறைய மூன்று வாரத்தில் குஞ்சு பொரிந்து, ஆறு காலோடு நாயைத் தேடி வரும். நாய் கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

ஆகவே தரையைக் கூட்டிவிட்டு நிமிர்ந்து பாருங்கள். சாமிப் படத்தைக் கழற்றித் திருப்பினால் சட்டத்தின் ஓரத்தில் பழுப்புப் பொட்டுகளாக வரிசை கட்டியிருக்கும். கதவு நிலை, பலகைச் சுவரின் இடுக்கு, கூரை மூலை, அஞ்சடியில் (வீட்டு முன்பக்க நடையில்) நாய் படுக்கிற இடத்துக்கு மேலே உள்ள சுவர், எல்லாவற்றையும் பாருங்கள். சிமெண்டோ சுவர் பூசுகிற பட்டியோ (putty) வைத்து விரிசலை அடைத்துவிடுங்கள். நாய் படுக்கிற கோணிச் சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, கொதிநீரில் துவைக்கக்கூடிய துணி போடுங்கள்.

மருந்து தெளிப்பதென்றால், வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று லேபிளில் அச்சிட்டதை மட்டும். காயும்வரை நாய், பூனை, பிள்ளைகள் வெளியே. மீன்தொட்டி இருந்தால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள். முட்டைக்குள் மருந்து போகாது என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். நாய்க்கான மாத்திரையையும் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தாதீர்கள்.

தோட்டத்தில் மருந்தடிக்கிறவர் கொண்டுவரும் மிச்ச மருந்து வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி உண்ணிக்கானது அல்ல. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரியிலிருந்து மலேசியாவில் தடை. பழைய போத்தல் கொட்டகையில் கிடந்தால் நாய் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

உண்ணிக் காய்ச்சல்

நாய் சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம், சிறுநீர் தேயிலைச் சாய நிறம்: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே கிளினிக். எர்லிக்கியா என்ற கிருமியாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள், வழக்கமாக 28 நாள். ஒரு வாரத்தில் வாலாட்டத் தொடங்கிவிடும், அப்போது நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் பெனடோல் (பாராசிட்டமால்) வேண்டாம்.

மற்ற சில்லறை விபத்துகள்

செம்பனை மட்டை முள் காலில் ஏறினால், வாயைத் துணியால் தளர்வாகக் கட்டிவிட்டு எடுங்கள். செல்லப் பிராணியே ஆனாலும் வலியில் கடிக்கும். உங்களைக் கடித்துவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறக்க வேண்டாம்.

தேரையைக் கவ்வி நுரை தள்ளினால் ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துத் துடைத்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவும்போது தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள், தொண்டைக்குள் போகக்கூடாது. தள்ளாடினால் டாக்டர்.

நகம் வெட்டும்போது ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும்.

எலி மருந்து மட்டும் சில்லறை விஷயம் அல்ல. செம்பனை மரத்தடியில் வைக்கிற கட்டியைத் தின்ற நாய், இரண்டு மூன்று நாள் நன்றாகவே விளையாடும். அதற்குப் பிறகுதான் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். எப்போது மருந்து வைக்கிறார்கள் என்று தோட்டக் கண்காணியான மண்டோரிடம் கேட்டுவைத்து, அந்த நாள்களில் நாயைக் கட்டிப்போடுங்கள். தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல், மருந்துப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். இந்த வகை விஷத்துக்கு மாற்று வைட்டமின் கே1. ஈப்போவுக்கு வண்டியை எடுக்குமுன் கிளினிக்குக்குப் போன் போட்டு அது கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.