பள்ளி நூலகத்தில் ஆய்வுப் பயிற்சி: ஒரு பனை, ஆறு பீரியட்

"பனைமரம் பற்றி புராஜெக்ட் செய்துகொண்டு வா" என்றதும் மாணவர் நேரே ஸ்டேஷனரி கடைக்குத்தான் போவார். ஒரு படத்தாள், பிரவுசிங் சென்டரில் இரண்டு பக்கம் பிரிண்ட், ஒரு சார்ட், ஓரத்தில் ஜிகினா. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைப்பை மட்டும் கொடுத்தால் ஒட்டுகிற வேலைதான் நடக்கும். தேடுகிற வேலை நடக்க வேண்டுமானால் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

இது எட்டாம் வகுப்புக்கான செய்முறை: 32 மாணவர், நான்கு பேர் வீதம் எட்டுக் குழு, வாரம் ஒரு 40 நிமிட நூலக பீரியட், மொத்தம் ஆறு வாரம். எடுத்துக்காட்டாகப் பனையை வைத்திருக்கிறோம். உங்கள் ஊருக்கு ஏரியோ நெல்லோ நெசவோ பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

முதலில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பல பள்ளிகளில் ஆய்வு அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்து, நீங்களே ஒருமுறை தேடுங்கள். பனையைப் பற்றி ஒரு பத்தியாவது உள்ள நூல்கள் ஐந்துகூடக் கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிவிடுங்கள்.

குறிப்பு எழுத அட்டை வேண்டும். ஒருபக்கம் அச்சான பழைய ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு அட்டை. ஒருவருக்கு ஆறு வீதம் 192 அட்டைக்கு 48 தாள் போதும். எழுதிக் கெடுப்பதற்கும் சேர்த்து 55 எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு பழைய கடித உறை, குழுவுக்கு ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டாம். நோட்டில் எழுதினால் குறிப்புகளைக் கலைத்து அடுக்க முடியாது. கடைசியில் எழுதிய வரிசையிலேயே கட்டுரையும் வந்து நிற்கும்.

முதல் பீரியட்: கேள்வி

இதில் அவசரப்பட்டால் மற்ற ஐந்து பீரியடும் வீண். ஒவ்வொருவரும் பனையைப் பற்றித் தமக்குத் தெரியாத ஐந்து விஷயங்களைக் கேள்வியாக எழுதட்டும். பத்து நிமிடம். பிறகு குழுவில் இருபது கேள்விகளையும் மூன்று சல்லடையில் சலிக்க வேண்டும்.

ஒரே சொல்லில் விடை வந்தால் கேள்வி சிறியது: "தமிழ்நாட்டின் மாநில மரம் எது?" ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தால் பெரியது: "பனையின் பயன்கள் யாவை?" எந்த நூலைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது என்றால் அது வெறும் கருத்து: "பனை நல்ல மரமா?"

சல்லடையில் தங்குபவை இப்படி இருக்கும்: பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு பூசுவது ஏன்? ஆண் பனையிலும் பதநீர் கிடைக்குமா, எப்படி இறக்குகிறார்கள்? ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல் போனது ஏன்?

குழுவுக்கு ஒரு கேள்வி. கேள்வி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆசிரியர் திருத்தி அழகாக்கிக் கொடுத்த கேள்விக்கு மாணவர் விடையையும் ஆசிரியரிடமே எதிர்பார்ப்பார்.

இரண்டாம் பீரியட்: சொற்களும் அகர வரிசையும்

"சார், இந்தப் புத்தகத்தில் பனைமரம் இல்லை" என்று ஒருவராவது வருவார். அவர் 'பனைமரம்' என்ற ஒரே சொல்லைத் தேடியிருப்பார். அதே செய்தி கருப்பட்டி, பதநீர், கள், வெல்லம், நுங்கு, ஓலை என்று எந்தத் தலைப்பிலும் ஒளிந்திருக்கலாம். பழைய நூலானால் பெண்ணை, போந்தை, தாலம் என்றும் இருக்கும். புத்தகத்தைத் தொடும் முன் ஒவ்வொரு குழுவும் எட்டுத் தேடுசொல் எழுதட்டும்.

மீதி இருபது நிமிடம் அகராதிப் பயிற்சி. அ, ஆ சொல்லத் தெரிந்தவர்களுக்கும் தமிழ் அகர வரிசை தடுமாறும். இரண்டு விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, மெய்யெழுத்து அதன் உயிர்மெய்க்கு முன்னால் வரும். அதனால் 'பக்கம்' முன்னே, 'பகல்' பின்னே. இரண்டு, தமிழ் மெய்களில் கடைசி னகரம். ஆகவே 'பறவை'யைத் தாண்டினால்தான் 'பன்றி', அதையும் தாண்டினால்தான் 'பனை'. பகரத்தின் நடுப்பகுதியில் தேடி, இல்லை என்று மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். கணினிப் பட்டியல்கள் சிலவற்றில் புள்ளி எழுத்தின் இடம் மாறியிருக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மூன்றாம் பீரியட்: அலமாரி

மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் எல்லா அறிவும் 000 முதல் 999 வரை பத்து வகுப்புகளில் அடங்கும். ஆனால் ஒரு பொருள் ஒரே இடத்தில் இருக்காது. பனை இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. செடியாக 580, பயிராக 630, கருப்பட்டி காய்ச்சும் தொழிலாக 664, ஓலைப்பெட்டி முடையும் கைவினையாக 745, சுவடியாக 091, தமிழ்ப் பாடலில் வந்தால் 894.811. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு குழுவும் தன் கேள்விக்கு எந்த இரண்டு எண்ணுக்குப் போகும் என்று முதலில் சொல்ல வையுங்கள். சுண்ணாம்புக் குழு 664க்குப் போகும். நொதித்தல், அதாவது பதநீர் புளித்துக் கள்ளாவது, ஏன் என்று புரிய 500களிலும் கைவைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் நூலகத்தில் பகுப்பெண்ணே இல்லை, இருப்புப் பதிவேட்டு எண் வரிசையில்தான் அடுக்கியிருக்கிறது என்றால், பத்து வகுப்புக்கும் பத்து நிறத் தாள்துண்டு வெட்டிப் புத்தகத்தின் முதுகில் ஒட்டுங்கள். நானூறு புத்தகத்துக்கு எட்டு மாணவர், இரண்டு மாலை. அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒட்ட வேண்டும். தாறுமாறாக ஒட்டினால் நிறம் கண்ணில் ஓடாது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. இந்த ஒரு பீரியடில் மட்டும் அதை மீறுங்கள். புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள். தவறான அலமாரி முன்னால் ஐந்து நிமிடம் நின்றவருக்கு எண் மறக்காது.

எடுத்த நூலை முதலிலிருந்து படிக்கவும் விடக்கூடாது. பதிப்பு விவரப் பக்கத்தில் ஆண்டு, பிறகு பொருளடக்கம், பிறகு கடைசியில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல். தமிழ் நூல்கள் பலவற்றில் சொல்லடைவு இருக்காது. அப்போது உள்தலைப்புகளை மட்டும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு நூலுக்கு மூன்று நிமிடம்.

ஆண்டைப் பார்ப்பது எதற்கு? பெரியசாமி தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பனையின் உறுப்புகளைப் பற்றி அதில் உள்ளது இன்றும் உதவும். விளைச்சல், விலை போன்ற எண்களை அங்கிருந்து எடுத்து "இப்போது" என்று எழுதினால் எழுபது ஆண்டுப் பிழை.

நான்காம் பீரியட்: குறிப்பட்டை

அட்டையின் இடப்பக்க மேல்மூலையில் குழு எண், வலப்பக்கம் நூல் எண், நடுவில் ஒரே ஒரு செய்தி, அடியில் பக்க எண். நூலின் முழு விவரம் உறையின் மேல் ஒரே தடவை: ஆசிரியர், நூல் பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு. அதற்குப் போட்ட எண்தான் அட்டையில் வரும் நூல் எண்.

எழுதும் முறை இதுதான்: பத்தியைப் படி, புத்தகத்தை மூடு, பக்கத்துப் பிள்ளைக்கு வாயால் சொல், சொன்னதை இரண்டு வரியில் எழுது, திறந்து சரிபார். மூடாமல் எழுதினால் கை தானாக நகலெடுக்கும். கண்டித்து அதை நிறுத்த முடியாது. எண், பெயர், மேற்கோள் மூன்றை மட்டும் பார்த்து எழுதலாம். மேற்கோளுக்குக் குறி கட்டாயம்.

நல்ல அட்டை இப்படி இருக்கும்: "பதநீரில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக மாற்றும். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி அதைத் தடுக்கும்." "சுண்ணாம்பு மிகவும் முக்கியம்" என்று வந்தால் திருப்பிக் கொடுத்து, 'ஏன்' என்று மட்டும் கேளுங்கள்.

பக்க எண்ணை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எண் இல்லாத அட்டையை உறைக்குள் போட அனுமதிக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாம் பீரியட்: நூல்கள் முரண்படும்போது

ஒரே கேள்விக்கு வந்த அட்டைகளை மேசையில் பரப்புங்கள். மாணவர் பாடநூலில் பனை ஒரு மரம். தொல்காப்பிய மரபியலோ புறத்தே வயிரம் (கெட்டியான பகுதி) உள்ளதைப் புல் என்கிறது; அந்தக் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியல் அதை ஒருவித்திலைத் தாவரம் (விதையில் ஒரே வித்திலை உள்ளது) என்று வைக்கிறது. புல்லும் அந்த வகையில்தான் வரும். எது தவறு? எதுவுமில்லை. மூன்றும் வெவ்வேறு அளவுகோலால் பிரிக்கின்றன. மூன்றில் ஒன்றை அடித்துவிடும் முன், ஒவ்வொரு நூலும் எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்று மாணவர் ஒரு வரி எழுத வேண்டும்.

ஊரில் பனையேறும் பெரியவர் இருந்தால் அவரும் ஓர் ஆதாரம்தான். அவர் சொன்னதற்கும் அட்டை உண்டு. பக்க எண்ணுக்குப் பதிலாகப் பேசிய தேதி. பெயர் போடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இணையம் இந்தக் கட்டத்தில் வரலாம். சொற்பட்டியலும் இரண்டு நூலும் கையில் இருந்தால், ஒரே பத்தி பத்துத் தளங்களில் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருப்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

ஆறாம் பீரியட்: ஒரு பக்கம்

அட்டைகளை வரிசைப்படுத்திவிட்டு, அட்டையை மட்டும் பார்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும். புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. முதல் வரியில் கேள்வி, கடைசியில் பயன்படுத்திய நூல்கள், நடுவில் "இன்னும் விடை தெரியாதது" என்று ஒரு வரி.

மதிப்பெண் இருபது: கேள்விக்கு 4, அட்டைகளுக்கு 7, ஆதாரக் குறிப்புக்கு 4, முரணை ஆராய்ந்ததற்கு 3, கட்டுரைக்கு 2. அலங்காரத்துக்கு ஒன்றுமில்லை; இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஜிகினா செலவாவது மிச்சம்.

எட்டுக் கட்டுரைகளையும் கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, 580இல் வையுங்கள். உறைகள் ஒரு செருப்புப் பெட்டியில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு முதல் பீரியடில் அந்த "இன்னும் விடை தெரியாதது" வரிகளைப் படித்துக் காட்டலாம்.