போர்ட்டிகோவில் ஆயில் கறை
எங்கள் போர்ட்டிகோ பாதி சிமெண்ட் தரை, பாதி கடப்பாக் கல். பைக் நிற்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் சொட்டியிருந்தது. எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கறை பரவிவிடும். மரத்தூளைக் கொட்டி, செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் தூள் கறுத்து, கட்டி கட்டியாக வரும். அதைச் சாக்கடையில் தள்ளாமல் அள்ளிவிடுங்கள்.

அப்புறம் சிமெண்ட் தரையில் சலவைத்தூளைக் கூழாகக் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்து வெந்நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை ஆகும்.

கடப்பாக் கல்லில் மட்டும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் வகை; பட்ட இடம் வெளுத்துப் பளபளப்பு போய்விடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரே போதும். பேவர் பிளாக் என்றால் இடுக்கு மணல் பெயராமல் பிரஷ்ஷால் தேயுங்கள்.