கேமுக்குள் போனால் திரும்பி வர வழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் நண்பனோடு நடந்து போய்க்கொண்டிருந்தேன். நூல் பிடித்த மாதிரி நேரான தெரு, இரண்டு பக்கமும் மஞ்சள் சுவர், மாடியில் மர ஜன்னல்கள். அதில் ஒரு ஜன்னல் கதவு காற்றில் லேசாக அசைந்தது, அவ்வளவுதான், நான் சட்டென்று சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். மேலே எவனோ குறி பார்க்கிறான் என்று உடம்பே முடிவு பண்ணிவிட்டது. "என்னடா, நாயா?" என்று கேட்டான் நண்பன். ஆமாம் நாய்தான் என்று சொல்லிவைத்தேன். விஷயம் என்னவென்றால், முந்தின இரவு கடலூரில் என் அறையில் பத்தரைக்கு ஆரம்பித்த பிஜிஎம்ஐ (கடைசி வரை சாகாமல் நிற்பவன் ஜெயிக்கும் துப்பாக்கிச் சண்டை போன் கேம்), விடிகாலையில் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு போட்ட பிறகுதான் நின்றிருந்தது.

இதை எழுதுகிறவன் டாக்டர் இல்லை. "போனைத் தூக்கிக் கடலில் போடு" என்று சொல்லும் ஆளும் இல்லை, இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உள்ளே போய்த் தொலைந்து, திரும்பி வந்து, மறுபடி தொலைந்து, அப்புறம் எனக்கு எது உண்மையில் வேலை செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது கண் தானாக வலது மேல்மூலையில் மினிமேப்பை, அதாவது கேம் ஸ்கிரீனின் ஓரத்தில் வரும் குட்டி வரைபடத்தை, தேடுகிறதா, கண்ணை மூடினால் ஸ்கிரீன் தெரிகிறதா, மாடிப்படியில் யாராவது நடந்தால் எதிரியின் காலடி மாதிரி கேட்கிறதா? பைத்தியம் எல்லாம் இல்லை. இதற்கு கேம் டிரான்ஸ்ஃபர் ஃபினாமினா என்று பெயரே இருக்கிறது, ஏஞ்சலிகா ஓர்டிஸ் டி கோர்டாரி என்ற ஆய்வாளர் நிறைய விளையாட்டுக்காரர்களிடம் பேசித் தொகுத்திருக்கிறார். அதற்கும் முன்னால், 2000இல், ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் சிலரை, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் கேமை விளையாட வைத்துவிட்டுத் தூங்கப்போகும்போது என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கட்டங்கள் விழுவது தெரிகிறது என்றார்கள். இதில் என்னை உலுக்கிய விஷயம், நினைவிழப்பு உள்ளவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். விளையாடியதே ஞாபகம் இல்லாதவர்கள், ஆனால் அவர்களில் சிலருக்கும் கட்டங்கள் விழுந்தன. அதாவது இது நம் மன உறுதி, புத்திசாலித்தனம் எதையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் "இன்றைக்குக் கட்டுப்பாடாக இருப்பேன்" என்று சபதம் போடுவது வீண். உள்ளே போன பிறகு எடுக்கிற முடிவை நம்பாதீர்கள், எல்லா ஏற்பாட்டையும் வெளியில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கீழே சொல்வது எல்லாமே அந்த மாதிரி ஏற்பாடுதான்.

கடிகாரத்தை கேமுக்கு வெளியே வையுங்கள்

"ஒரு மேட்ச் மட்டும்" என்று அளவு வைக்கவே வைக்காதீர்கள். பிஜிஎம்ஐயில் எரங்கல் மேப் எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர், நூறு பேர், கடைசி வரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும். ஆனால் இறங்கிய நாலாவது நிமிஷமே செத்துவிட்டால்? அது ஒரு மேட்ச்சாகவே கணக்கில் வராது, கை தானாக ஸ்டார்ட்டை அழுத்திவிடும். ஜெயித்தாலும் அதே கதை, ஜெயித்த சூட்டில் எவன் எழுந்து போவான்? இஷ்டம்போல் சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் வேறு மாதிரி மயக்கம்: ஜிடிஏ 5இல் ஒரு முழு நாள் என்பது நம் 48 நிமிஷம், மைன்கிராஃப்டில் 20 நிமிஷம். உள்ளே சூரியன் உதிக்கிறது, சாய்கிறது, இரவு வருகிறது, "விடிந்ததும் நிறுத்தலாம்" என்று நினைக்கிறோம். எந்த விடியல் என்பதுதான் குழப்பம்.

விளையாடும் போனிலேயே அலாரம் வைத்தால் பிரயோஜனம் இல்லை. கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், தள்ளியதுகூட ஞாபகம் இருக்காது. பழைய மணி அடிக்கும் கடிகாரம் ஒன்று, இல்லையென்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பட்டன் போன், அதைச் சமையலறையில் வையுங்கள், எழுந்து போய்த்தான் நிறுத்த முடியும் என்கிற தூரத்தில். இதைவிடப் பலமான ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள்: ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் உடம்பே எழுப்பிவிடும், அந்த அலாரத்தைத் தள்ளிவிட முடியாது. எழுந்த கையோடு அறைக்குத் திரும்பாமல் வாசல் வரை போய் வர வேண்டும் என்பது என் கூடுதல் விதி. கேம் தருகிற வரம்பை நம்ப வேண்டாம். பிஜிஎம்ஐ 2023இல் தடை நீங்கித் திரும்பி வந்தபோது சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தார்கள். ஆறு மணி நேரத்தில் கடலூரில் பஸ் ஏறியவன் சென்னைக்கே போய்ச் சேர்ந்து சாப்பிட்டும் முடித்திருப்பான்.

தனியாக விளையாடாமல் ஸ்குவாடாக விளையாடுகிறீர்களா, அப்படியென்றால் நாலு பேரும் பகலில், தெளிவாக இருக்கும்போது பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நால்வருக்குள் பதினொன்றரைக்கு மேல் "மச்சி, ஒன்னே ஒன்னு" என்று மைக்கில் கேட்பவன் அந்த வாரம் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்க வேண்டும். மஞ்சக்குப்பத்து டீக்கடையில் இதுவரை அதிகம் கொடுத்தது நான்தான், அதைச் சொல்ல வெட்கமில்லை.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள். விளக்கை அணைத்துவிட்டு விளையாடாதீர்கள். ஹெட்போனில் ஒரு காதை வெளியே விடுங்கள், காலடிச் சத்தம் கொஞ்சம் தப்பும், ரேங்க் கொஞ்சம் இறங்கும், ஆனால் அம்மா கூப்பிடுவதும் கேட்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம், மர நாற்காலி நல்லது, ஒரு மணி நேரத்தில் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும்.

விஆர் ஹெட்செட் என்றால் கதையே வேறு

விஆர் ஹெட்செட் என்பது கண்ணை முழுக்க மூடித் தலையில் மாட்டிக்கொள்வது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கேம் உலகம்தான் தெரியும். போனில் தொலைவது ஒரு கிணறு என்றால் விஆரில் தொலைவது கடல். லாஸ்பேட்டையில் நண்பன் ஒருவன் ஹெட்செட் வாங்கியிருந்தான், முதல் நாள் போட்டுப் பார்த்தேன். ஒரு அறை, நடுவில் ஒரு மேஜை, களைப்பாக இருந்தது, மேஜையில் கையை ஊன்றிச் சாய்ந்தேன். மேஜை இல்லை. தரை இருந்தது. முட்டி ஒரு வாரம் வீங்கியிருந்தது.

நம் ஊர் வீடுகளுக்கு முதல் விதி, தலைக்கு மேலே பாருங்கள். ஹெட்செட் நிறுவனங்களின் படங்களில் வரும் அறைகளில் சீலிங் ஃபேனே இருக்காது, நம் வீட்டில் கையைத் தூக்கிக் குதித்தால் எட்டும் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபேனை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஃபேன் இல்லாத கூடத்துக்குப் போங்கள். ஹெட்செட்டிலேயே எல்லைக் கோடு போடும் வசதி உண்டு, சுவர் பக்கம் போனால் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் அது தரையைச் சுற்றித்தான் எல்லை போடும், தலைக்கு மேலே காவல் இல்லை.

அடுத்து, தரையில் ஒரு சின்னக் கோரைப்பாயை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் வெறுங்காலோடு நில்லுங்கள். கண் எந்த உலகத்தில் இருந்தாலும் பாதத்துக்குப் பாயும் தெரியும், சில்லென்ற தரையும் தெரியும், பாயை விட்டு இறங்கினால் உடனே புரிந்துவிடும். அப்புறம் ஒரு டேபிள் ஃபேனை நேர் எதிரே வையுங்கள். முகத்தில் காற்று பட்டால் அதுதான் முன்பக்கம். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அறையில் எந்தத் திசையில் நிற்கிறோம் என்று பிடிபடும், கடலோரப் புழுக்கத்தில் வேர்வை லென்ஸில் ஆவி பிடிப்பதும் குறையும். ஹெட்செட்டைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள், வெயில் லென்ஸ் வழியாகப் போய் உள்ளே இருக்கும் ஸ்கிரீனைப் பொசுக்கிவிடும்.

குமட்டல் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், "பழகிவிடும்" என்று பல்லைக் கடிக்கக் கூடாது. கண் ஓடுகிறேன் என்கிறது, உள்காது நின்றுகொண்டிருக்கிறேன் என்கிறது, இந்தச் சண்டைதான் குமட்டலாக வருகிறது. ஆரம்பத்தில் பத்து நிமிஷம் போதும், அதுவும் நாம் நின்ற இடத்திலேயே நின்று ஆடுகிற கேம்கள். வலிப்பு வரும் உடம்பு என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வீட்டுக் குழந்தைகள் ஆளாளுக்குக் கேட்பார்கள், குவெஸ்ட் ஹெட்செட்டுக்கு அதைச் செய்யும் மெட்டா நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயதே 10தான், 13க்குக் கீழே பெற்றோர் பார்த்துக்கொள்ளும் கணக்கு வேண்டும்.

கழற்றிய பிறகுதான் முக்கியம். கொஞ்ச நேரம் சொந்தக் கையே வேறு யாருடையதோ போலத் தோன்றலாம், சுவர் பொம்மைச் சுவர் மாதிரி தெரியலாம். அந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள், குறைந்தது அரை மணி நேரம். நான் அன்றைக்கு பைக்கை லாஸ்பேட்டையிலேயே விட்டுவிட்டு பஸ் பிடித்துத்தான் கடலூர் வந்தேன், தவளக்குப்பம் தாண்டும் வரை எதிரே வரும் லாரிகள் எல்லாம் ஏதோ வரைந்து வைத்தது போலவே இருந்தன.

திரும்பி வருவது

போனோ விஆரோ, நிறுத்தியதும் நேரே படுக்கப் போகாதீர்கள். நடுவில் முக்கால் மணி நேரம் இருக்கட்டும். அந்த நேரத்தில் இன்னொரு ஸ்கிரீனைப் பார்ப்பது கணக்கில் சேராது. கைக்கு வேலையும், மூக்குக்கு வாசனையும், தோலுக்குச் சூடோ குளிர்ச்சியோ கிடைக்கிற எதுவும் நல்லது. நான் பாத்திரம் துலக்குகிறேன். வீட்டில் அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குச் சோப்பு வாசனையும் ஈரமும் அலுமினியச் சத்தமும் போதும், பத்து நிமிஷத்தில் அறை மறுபடி அறையாகிவிடும். சாயங்காலம் என்றால் சில்வர் பீச் வரை ஒரு நடை, மணலில் கால் புதைய, கண்ணைத் தொடுவானத்தில் வைத்துக்கொண்டு. அரை முழ தூரத்தில் இருக்கும் ஸ்கிரீனையே பார்த்த கண்ணுக்கு அந்தத் தூரம் தேவைப்படுகிறது. யாரோடாவது பேசுங்கள், கேமைப் பற்றி இல்லாமல்.

உள்ளே இருக்கும் ஒருவரை வெளியே அழைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தம்பி ஹெட்செட்டோடு நிற்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள், அவன் கையில் இருக்கும் கன்ட்ரோலர் உங்கள் மூக்கில்தான் விழும். முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வந்த பிறகு தோளில் கை வையுங்கள். போனில் விளையாடுகிறவனிடம் போனைப் பிடுங்குவது அதைவிட மோசம். நாலு பேர் காத்திருக்கும் மேட்ச்சில் இருந்து பாதியில் போவது அவனுக்கு அவமானம், அந்தக் கோபத்தில்தான் அடுத்த நாள் திருட்டுத்தனமாக ஆரம்பிப்பான். "இந்த மேட்ச் முடிஞ்சதும் லாபியில் போனை வெச்சிட்டு சாப்பிட வா, தோசை ஊத்தறேன்" என்பது என் அம்மாவின் முறை. லாபி (ஒரு மேட்ச் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை காத்திருக்கும் ஸ்கிரீன்) என்ற வார்த்தையை அம்மா எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை, ஆனால் அது வேலை செய்கிறது.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால் அது வேறு விஷயம். மினிமேப் தேடுவது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், படிப்பு, வேலை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மேலே கேம் ஏறி உட்கார்ந்து, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடப்பில் உள்ள ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் டிஸார்டர் என்று சேர்த்திருக்கிறது. பொதுவாகப் பன்னிரண்டு மாதம் இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள், ஆனால் உதவி கேட்பதற்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. கேம் நிறுத்திய பிறகும் குரல்கள் கேட்கின்றன, எவனோ உண்மையிலேயே பின்தொடர்கிறான் என்று தோன்றுகிறது, இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, மனநலப் பிரிவும் உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்கு அடியுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், காசு இல்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தம்பிக்காகக் கேட்கிறீர்கள் என்றால், எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறான், எப்போது நிறுத்துகிறான், எப்போது சாப்பிடுகிறான் என்று ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.