ரமோன்ஸ் முதல் ஆல்பத்தோடு சேர்ந்து கிட்டார் வாசிக்க

1976-ல் வந்த, அமெரிக்க பங்க் ராக் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. மொத்தமும் அரை மணி நேரம்கூட வராது. கேட்கும்போது சுலபமாகத்தான் தெரியும். கூடவே வாசித்துப் பாருங்கள், மூன்றாவது பாட்டுக்குள் முன்கை கடுக்கத் தொடங்கிவிடும்.

முதலில் ஸ்டீரியோ பதிப்பாகப் பார்த்து எடுங்கள். அதில் பேஸ் கிட்டார் இடப்பக்கம், கிட்டார் வலப்பக்கம், குரலும் டிரம்ஸும் நடுவில். இடது இயர்போனைக் கழற்றினால் குழுவின் கிட்டாரிஸ்ட் ஜானி ரமோனின் கை செய்வது துல்லியமாகக் கேட்கும். வலதைக் கழற்றினால் அவர் கிட்டார் ஏறக்குறைய மறைந்துவிடும், அந்த இடத்தில் நீங்கள் வாசிக்கலாம். 2016 பதிப்பில் மோனோ மிக்ஸும் (இரு பக்கமும் ஒரே ஒலி) உண்டு. அதில் இந்த வித்தை பலிக்காது. ஃபோனில் ‘மோனோ ஆடியோ’ ஆன் ஆகியிருந்தாலும் இதே கதிதான்.

கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) எல்லாம் பழைய ராக் அண்ட் ரோல் சரக்கு. 1962-ல் கிறிஸ் மான்டெஸ் பாடிய ‘லெட்ஸ் டான்ஸ்’கூட இதில் இருக்கிறது. ஏ, டி, ஈ மூன்றையும் முழு பார் கார்டாக (ஆள்காட்டி விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தி) பிடியுங்கள்: ஏ-க்கு 6-ஆம் கம்பியில் (தடித்த கம்பி) 5-ஆம் ஃபிரெட் (கழுத்தில் உள்ள கட்டம்), டி-க்கு 5-ஆம் கம்பியில் 5, ஈ-க்கு அதே கம்பியில் 7. டி-யிலிருந்து ஈ-க்குப் போகும்போது விரல்களைத் தூக்க வேண்டாம், அப்படியே இரண்டு ஃபிரெட் நகர்த்துங்கள்.

கஷ்டமெல்லாம் வலது கையில்தான். எல்லா அடியும் கீழ்நோக்கி. முதல் பாட்டு சுமார் 176 பிபிஎம் (நிமிடத்துக்கு 176 தாளத் தட்டு), தட்டுக்கு இரண்டு அடி, அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட ஆறு அடி. மேல்நோக்கி அடித்துத் தப்பிக்கப் பார்த்தால் மெல்லிய கம்பிகள் முதலில் ஒலித்து, ஒன்றுவிட்டு ஒரு அடி சன்னமாகிவிடும், பாட்டு நொண்டும். தாளம் காட்டும் மெட்ரோனோமை 110-ல் வைத்து நிறுத்தாமல் இரண்டு நிமிடம் வாசியுங்கள். தளர்வாக வந்தபிறகு ஐந்தைந்தாக ஏற்றுங்கள். முழங்கையை வீசாதீர்கள், மணிக்கட்டு ஆடினால் போதும். பிக் (கம்பியை அடிக்கும் வில்லை) 0.9 மி.மீ. தடிமனில் இருக்கட்டும், நுனி விரல்களுக்கு வெளியே 4 மி.மீ.க்கு மேல் நீண்டால் கம்பியில் மாட்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப் (கம்பிகள் முடியும் பிரிட்ஜ் அருகே உள்ள ஒலிவாங்கி), ஆம்ப்பில் மிட் (நடு அலைவரிசை) தாராளமாக. கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை) மட்டும் நீங்கள் நினைப்பதைவிடக் குறையுங்கள்; கூடினால் ஆறு கம்பியும் கலந்து கூழாகிவிடும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கும் ஹெவி மெட்டல் இசைப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது பாட்டு சற்று நிதானமானது, அதிலிருந்து தொடங்கலாம். நான்காவது இன்னும் மெதுவானது. முன்கை கடுத்தால் அதில் ஆற்றிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.