தீவை மீட்கப் போய்ச் செய்யும் தவறுகள்

எலி, பூனை, ஆடு, முயல் என்று கப்பலில் வந்து இறங்கிய விலங்குகள் எத்தனையோ தீவுகளை மொட்டையடித்துவிட்டன. அவற்றை அகற்றி, பழைய காட்டையும் பறவைகளையும் திரும்பக் கொண்டுவந்து, அப்புறம் இயற்கையே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதைத்தான் தீவுகளில் ரீவைல்டிங் என்கிறார்கள். நிறைய இடங்களில் இது அற்புதமாகப் பலித்திருக்கிறது. ஆனால் நல்ல மனதோடு தொடங்கித் தீவை முன்னைவிட மோசமாக்கிய கதைகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் பெரும்பாலும் நடந்தது ஒன்றுதான். யார் யாரைத் தின்கிறார்கள், யாரால் யார் அடங்கியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கை வைத்துவிட்டார்கள்.

இதற்கு மக்குவாரி தீவைவிட நல்ல பாடம் கிடையாது. நியூசிலாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையில் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவு அது. சீல் வேட்டைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே பூனைகளையும் பிறகு முயல்களையும் விட்டுப் போனார்கள். முயல் பெருகிப் புல்லையெல்லாம் மேய்ந்தது, 1978 முதல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பி முயலைக் குறைத்தார்கள், முயல் குறைந்ததும் பூனைகளின் பார்வை கடற்பறவைகள் பக்கம் திரும்பியது. சரி, பூனையை ஒழிப்போம் என்று இறங்கி 2000இல் கடைசிப் பூனையையும் முடித்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் வைரஸின் பிடியும் தளர்ந்துபோனது. பூனையும் இல்லை, நோயும் இல்லை. சில வருடங்களிலேயே முயல்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. செடி போன மலைச்சரிவுகள் பெயர்ந்து விழ ஆரம்பித்தன. 2006இல் ஒரு மண்சரிவு பென்குயின்கள் கூடும் இடத்தையே தாக்கியது. பூனை போனதுதான் காரணமா, வைரஸ் ஓய்ந்ததுதான் காரணமா என்று ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துத் திட்டமிடாததுதான் பிழை. கடைசியில் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒரே திட்டத்தில் ஒழிக்க வேண்டியதாயிற்று. சுமார் 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவான பிறகு, 2014இல்தான் தீவு விடுபட்டதாக அறிவித்தார்கள்.

நியூசிலாந்தின் ஹௌதுரு தீவிலும் 1980இல் பூனைகள் ஒழிந்ததும், பூனைக்கு அஞ்சி அடங்கியிருந்த எலிகள் குக் பெட்ரல் பறவையின் முட்டை, குஞ்சுகளைக் கூடுதலாகத் தின்றன. 2004இல் எலிகளும் போன பிறகுதான் குஞ்சுகள் நன்றாகத் தேறின. ஆகவே ஒரு விலங்கை மட்டும் தனியாகப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

அடுத்த தவறு, ஒன்றை அடக்க இன்னொன்றைக் கொண்டுவந்து விடுவது. ஹவாய் கரும்புத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க 1883இல் கீரியை இறக்கினார்கள். எலி இரவில் நடமாடும், கீரி பகலில் வேட்டையாடும். அதனால் மாட்டிக்கொண்டது தரையில் கூடு கட்டும் பறவைகள்தான். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே ஆப்பிரிக்க ராட்சத நத்தையைத் தின்னட்டும் என்று 1977இல் ஒரு வேட்டை நத்தையை விட்டார்கள். அது தீவுக்கே உரிய பார்ட்டுலா நத்தைகளைத் தேடித் தேடித் தின்று, பத்தே வருடத்தில் காட்டில் அநேகமாக ஒன்றுகூட மிஞ்சாமல் செய்துவிட்டது. முன்பே சிலவற்றைப் பிடித்து உயிரியல் பூங்காக்களில் வளர்த்ததால்தான் அந்த இனங்களில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன.

விஷத்தீனி தூவும் திட்டங்களில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்று நினைப்பது. 2011இல் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் ஹெலிகாப்டர் வைத்துத் தூவினார்கள். பல்லாயிரம் எலிகளில் தப்பியவை சுமார் 60 முதல் 80 வரைதான் என்று பின்னால் மரபணு ஆய்வில் கணக்கிட்டார்கள். அவ்வளவே போதுமாக இருந்தது, தீவு மறுபடி எலிகளால் நிறைந்துவிட்டது. எலி ஒழிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றால் அது தோல்விதான், இதில் அரை வெற்றி என்று எதுவும் கிடையாது. மக்குவாரியில் விஷம் வைத்த பிறகும் வேட்டைக்காரர்களும் பழக்கிய நாய்களும் தீவு முழுக்க நடந்து, மிஞ்சியிருந்த 13 முயல்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொறுமைதான் இந்த வேலையில் பாதி.

இன்னொன்று, விஷம் வேறு யார் வயிற்றுக்குப் போகும் என்று யோசிக்காதது. அலாஸ்காவில் ‘எலித் தீவு’ என்றே பெயர் வாங்கியிருந்த தீவில் 2008இல் எலிகள் ஒழிந்தன. ஆனால் 46 வெண்தலைக் கழுகுகளும் முந்நூறுக்கு மேற்பட்ட கடற்காகங்களும் செத்துக் கிடந்தன. தீவு பிற்பாடு தேறியது, அங்கத்திய பழங்குடிகளான அலூட் மக்கள் வைத்த ஹவாடாக்ஸ் என்ற பழைய பெயரையும் திரும்பப் பெற்றது. ஆனாலும் அந்தக் கழுகுகளைச் சும்மா கணக்கில் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கலிபோர்னியாவின் அனகாபா தீவில், அந்தத் தீவுக்கே உரிய எலி இனத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்துப் பாதுகாத்து வைத்துவிட்டு, பிறகு வெளியிலிருந்து வந்த கருப்பெலிகளை ஒழித்தார்கள். செலவும் தாமதமும் ஆகும்தான். ஆகட்டும்.

ஆடுகளை அகற்றினால் காடு தானாக வந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். ஆட்டுக்குப் பயந்து தலைதூக்காமல் இருந்த களைகளுக்கும் அன்றைக்கே விடுதலை கிடைக்கிறதே! கலாபகோஸின் சாந்தியாகோ தீவில் ஆடுகள் போனதும் வெளியிலிருந்து வந்த முள்கொடி ஒன்று பரவியது. பசிபிக்கின் பால்மைரா பவளத்தீவில் 2011இல் எலிகள் போனதும் உள்ளூர் மரக்கன்றுகள் பல மடங்கு கூடுதலாக முளைத்தன, கூடவே தென்னங்கன்றுகளும் அடர்ந்து முளைத்தன. கடற்பறவைகள் தென்னையில் அதிகம் கூடு கட்டுவதில்லை. பறவை வராவிட்டால் எச்சம் இல்லை, எச்சம் இல்லாவிட்டால் மண்ணுக்குச் சத்து இல்லை. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் ஆய்வு செய்தபோது, எலி இல்லாத தீவுகளில் பறவைகளால் மண்ணில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு அதிகம் என்று தெரிந்தது, சுற்றியிருக்கும் பவளப்பாறைகளில் மீன்களும் கூடுதலாக இருந்தன. மரம் நடும் கணக்கை மட்டும் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தீவில் மக்கள் வாழ்ந்தால் அவர்களைக் கடைசியில் கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் சுமார் 350 பேர் இருக்கிறார்கள், எலியை ஒழிக்க அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே விஷத்தீனி வைக்க வேண்டியிருந்தது. 2015இல் கருத்துக் கேட்டபோது ஆதரவு பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது, வேலை தொடங்க 2019 ஆகிவிட்டது. 2021இல் மறுபடி இரண்டு எலிகள் தென்பட்டன. தேடிப் பிடிக்க ஊரே கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், படகில் வரும் ஒவ்வொரு மூட்டையையும் பார்க்க வேண்டும். அந்த ஊரை முன்பே பகைத்துக்கொண்டிருந்தால் யார் பார்ப்பார்கள்?

அழிந்துபோன இனத்தின் இடத்தில் வேறொன்றைக் கொண்டுவருவது எப்போதுமே தவறு என்று சொல்ல மாட்டேன். மொரீஷியஸ் அருகே உள்ள ஒரு சிறு தீவில், அழிந்த ஆமைகளுக்குப் பதிலாக அல்டாப்ரா என்ற வேறொரு தீவின் ஆமைகளை 2000 முதல் விட்டார்கள். அவை பழம் தின்று விதையைப் பரப்பியதால் கருங்காலிக் கன்றுகள் முளைத்தன. ஆமையைத் திரும்பப் பிடித்துவிட முடியும் என்பதால் அந்தத் துணிச்சல் சரி. வேட்டை நத்தையை அப்படிப் பிடிக்க முடியுமா?

கடைசியாக, மூன்று வருட நிதியில் முடித்துவிடலாம் என்ற கணக்கு. அமெரிக்காவின் மேய்ன் கடற்கரையில் ஒரு சிறு தீவுக்கு 1973 முதல் பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைக் கொண்டுவந்து கையால் ஊட்டி வளர்த்தார்கள். இங்கே ஏற்கெனவே கூட்டம் இருக்கிறது என்று மற்றப் பறவைகள் நம்புவதற்காக மரத்தில் செதுக்கிய பஃபின்களைப் பாறை மேல் நிறுத்தி வைத்தார்கள். அப்படியும் முதல் ஜோடிகள் அங்கே கூடு கட்டியது 1981இல்தான்.