சர்க்கரைவள்ளிக் கொடியை வீட்டுத் தோட்டத்தில் நடுவது எப்படி: முதல் முறை நடுபவர்களுக்கு

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் அடப்பங்கொடி படர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. அடுத்த முறை போகும்போது அந்தக் கொடியில் ஒரு முழத்தைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசில் வராது. இலை கிளம்புகிற கணுக்களிலிருந்து வேர் இறங்கி மணலைப் பிடித்திருக்கும்.

சர்க்கரைவள்ளி அந்தக் கொடிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். கணுவில் வேர் விடுகிற குணமும் அதேதான். நாம் மண்ணுக்குள் புதைக்கிற கணுவில் கிளம்பும் வேர்தான் பிறகு தடித்துக் கிழங்காகிறது. எந்த வேர் தடிக்கும், எது வெறும் வேராகவே நின்றுவிடும் என்பது நட்ட முதல் ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். அதனால் நடவையும் அதையடுத்த சில வாரங்களையும் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

எப்போது நடலாம்

நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு இரண்டு பருவம் ஒத்துவரும். ஒன்று, ஆவணி நடுவில் நட்டுப் பொங்கலுக்கு முன் எடுப்பது. சர்க்கரைவள்ளி சுமார் 110 முதல் 120 நாள் பயிர், அதனால் கணக்கு சரியாக வரும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி வாக்கில் பிடிப்பதற்கு முன் கொடிக்கு ஆறு வாரம் கிடைத்துவிடும். இன்னொன்று, பொங்கல் முடிந்து தை மாதத்திலேயே நட்டு வைகாசியில் எடுப்பது.

முதல் முறை நடுபவர்களுக்கு நான் தையைத்தான் சொல்வேன். தண்ணீரை நாம் கணக்காகக் கொடுக்கலாம், மழை வந்து கெடுக்காது.

இதை அனுபவத்தில்தான் கற்றேன். நான் முதலில் நட்டது புரட்டாசிக் கடைசியில், அதுவும் கீரைக்குப் போடுவது போலச் சமமான பாத்தியில். ஐப்பசி மழையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. கொடி மட்டும் பச்சைப் பசேலென்று வேலி வரை ஓடியது. தோண்டிப் பார்த்தால் விரல் தடிமனில் சில வேர்களும், அழுகி நாறிய நாலு கிழங்கும்தான். நம் ஊருக்குப் புயல் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலா, முந்திரி எல்லாம் சாய்ந்ததை நாம் மறக்க முடியாது. ஆனால் தரையோடு படுத்திருக்கும் இந்தப் பயிருக்குக் காற்று பெரிய பயமில்லை. தேங்குகிற தண்ணீர்தான் எமன்.

கொடி சேகரிப்பது

உருளைக்கிழங்கைப் போலக் கிழங்கையே துண்டு போட்டு மண்ணில் புதைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். முளைக்கும், கொடியும் ஓடும், விளைச்சல் மட்டும் உருப்படியாக இருக்காது. கிழங்கிலிருந்து கொடி எடுத்து, அந்தக் கொடியைத்தான் நட வேண்டும்.

தெரிந்தவர் தோட்டத்தில் கொடி இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் உழவர் சந்தையிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ அடிபடாத, சுருங்காத கிழங்காக இரண்டு வாங்குங்கள். அகலமான தொட்டியில் மணல் நிரப்பி, கிழங்கைப் படுக்க வைத்துப் பாதி புதைத்து, மணல் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை கிளம்பும். ஒரு அடிக்கு மேல் நீண்டதும் வெட்டலாம். தையில் நட வேண்டுமானால் கார்த்திகைக் கடைசியிலேயே கிழங்கை மணலில் வைத்துவிடுங்கள்.

ரகம் தேடுபவர்களுக்கு ஒரு தகவல். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஆரஞ்சு நிறச் சதையுள்ள பூ சோனா, ஊதா நிறச் சதையுள்ள பூ கிருஷ்ணா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. குரும்பாபேட்டையிலும் விருத்தாசலத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே விசாரித்துப் பார்க்கலாம். முதல் முறைக்குச் சந்தைக் கிழங்கே போதும்.

நுனியைத்தான் வெட்ட வேண்டும்

எனக்குக் கொடி கொடுத்த பெரியம்மா, நான் அடிக்கொடியில் கத்தி வைத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "அடியில கை வைக்காத கண்ணு. நுனிய எடு. அடித்தண்டுலதான் வண்டு இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சர்க்கரைவள்ளிக் கூன்வண்டை. அது முதிர்ந்த அடித்தண்டில் முட்டையிடும். அந்தத் தண்டை நட்டால் பூச்சியையும் சேர்த்து நட்டது போல. நுனிக்கொடி இளசாக இருப்பதால் வேரும் சீக்கிரம் பிடிக்கும்.

நுனியிலிருந்து ஒரு அடி நீளம் வெட்டுங்கள். அதில் ஐந்தாறு கணு இருக்க வேண்டும். பிறகு எல்லாத் துண்டுகளையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஈரச் சணல் சாக்கில் சுற்றி, நிழலில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். வெட்டிய உடனே நட்டாலும் பிழைக்கும், ஆனால் இந்த இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்து ஒரு கணுவைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ரவை அளவில் வெள்ளையாகச் சிறு புடைப்புகள் தெரியும். வேர் கிளம்பத் தயாராக நிற்கிறது என்று அர்த்தம். அந்தப் புடைப்புகளைக் கையால் தேய்த்துவிடக் கூடாது.

மண்ணுக்குள் போகப் போகிற இலைகளை இப்போது எடுத்துவிடலாம். பிய்க்காதீர்கள், கணுவின் தோல் சேர்ந்து உரிந்து வந்துவிடும். காம்பில் அரை அங்குலம் விட்டுக் கத்தரியால் நறுக்குங்கள்.

சிலர் கொடித் துண்டைப் பேப்பர் கப்பில் வேர் பிடிக்க வைத்து, நன்றாக வளர்ந்த பிறகு தோட்டத்துக்கு மாற்றுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கப்புக்குள் வேர் வளைந்து சுருண்டுவிடும், பிறகு தடிக்கும்போதும் அதே வளைவோடுதான் தடிக்கும். ஜிலேபி போல முறுக்கிய கிழங்குகள் பல இப்படி வந்தவைதான். கப்பில் வைத்தே ஆக வேண்டுமென்றால் வேர் அடியைத் தொடுவதற்குள், பத்து நாளுக்குள், எடுத்து நட்டுவிடுங்கள்.

பார் பிடிப்பது

மண்ணை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திக் கல், கட்டி எல்லாம் எடுத்துவிடுங்கள். காலாப்பட்டு, பண்ருட்டிப் பக்கச் செம்மண்ணும், கடலோர மணல் கலந்த மண்ணும் இந்தப் பயிருக்கு நல்ல தோது. கெடிலம், பெண்ணையாற்று ஓரம் களிமண்ணாக இருந்தால் ஆற்றுமணலும் மக்கிய எருவும் தாராளமாகக் கலக்க வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்து போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள். இந்தப் பயிர் உப்பைத் தாங்காது.

அடுத்து, மண்ணை நீள மேடாக இழுத்துப் பார் பிடியுங்கள். ஒரு அடி உயரம், பாருக்குப் பார் இரண்டடி இடைவெளி. பத்தடிக்கு ஆறடி இடம் இருந்தால் மூன்று பார் வரும். அடிக்கு ஒரு கொடி என்றால் முப்பது கொடி போதும். மழைக்காலப் பயிர் என்றால் பாரை இன்னும் ஒரு கை உயர்த்தி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாய்க்கால் திறந்துவிடுங்கள்.

உரத்தில் கை நீளக் கூடாது. பழைய எரு பாருக்கு ஒரு கூடை போதும். பச்சைச் சாணமோ யூரியாவோ போட்டால் கொடி காடாக வளரும், அடியில் ஒன்றும் இருக்காது. விறகடுப்புச் சாம்பல் கிடைத்தால் பாருக்கு இரண்டு கைப்பிடி கலக்கலாம். கிழங்கு தடிக்கப் பொட்டாஷ் வேண்டும். அது சாம்பலில் இருப்பதால்தான் அதைச் சாம்பல் சத்து என்றே சொல்கிறோம்.

நடவு

வெயில் தாழ்ந்த பிறகு, சாயங்காலம் நடுங்கள். பாரின் மேல் மூன்று விரல் ஆழத்தில் நீளவாக்கில் ஒரு கோடு கீறுங்கள். அதில் கொடியைப் படுக்கவையுங்கள். மூன்று கணு மண்ணுக்குள், நுனியும் இரண்டு மூன்று இலையும் வெளியே. இலைக்காம்புகள் மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கொடியைத் தலைகீழாக வைத்துவிடக் கூடாது.

நிற்க வைத்து நடுவதும் உண்டு. அப்படி நட்டால் கிழங்கு எண்ணிக்கையில் குறைந்து பெரிதாக வரும். படுக்க வைத்தால் ஒவ்வொரு கணுவுக்கும் மண்ணில் இடம் கிடைப்பதால் ஓரளவு ஒரே அளவாகப் பரவலாக வரும். வீட்டுச் சமையலுக்கு இதுதான் வசதி.

மண்ணை மூடி, உள்ளங்கையால் அழுத்துங்கள். இந்த அழுத்தம் முக்கியம். கணுவுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இருந்தால் அந்தச் சிறு வேர் காய்ந்துபோகும். அழுத்திய பிறகு நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். நகராமல் இருந்தால் சரி.

நட்டவுடன் பூவாளியில் தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதாவது கொடி உயிர் பிடிக்க விடும் இரண்டாம் தண்ணீர். நட்ட மறுநாள் மதியம் கொடி துவண்டு படுத்திருக்கும், பயப்பட வேண்டாம். ஐந்தாறு நாளில் நுனி நிமிரும். பத்து நாள் ஆகியும் நிமிராத இடத்தில் வேறு கொடி வைத்துவிடுங்கள். இதற்காகவே நான்கைந்து கொடியை நிழலில் ஒரு ஓரமாக நட்டு வைத்திருப்பது நல்லது.

மாடியில் வளர்ப்பவர்கள் ஒரு அடிக்குக் குறையாத ஆழமும் நல்ல அகலமும் உள்ள பையில் இரண்டு கொடி வைக்கலாம். மற்றதெல்லாம் இதே முறைதான்.

நட்ட பிறகு ஆறு வாரம்

இந்த ஆறு வாரமும் மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டாவது மடிப்பு வரை காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு களை எடுப்பு. ஒரு மாதத்தில் இன்னொரு களை எடுத்து, கையோடு பாருக்கு மண் அணைத்துவிடுங்கள். அப்புறம் கொடி தரையை மூடிவிடும், களைக்கு வெளிச்சம் கிடைக்காது.

கொடி பாரை விட்டு இறங்கி ஓடும்போது, கடற்கரை அடப்பங்கொடியைப் போலவே போகிற இடமெல்லாம் வேர் விடும். அங்கெல்லாம் சின்னச் சின்னக் கிழங்கு வைக்கப் பார்க்கும், பாரில் இருக்கும் கிழங்குக்குப் போகிற சத்து சிதறும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடியைக் கையால் தூக்கி, பாரின் மேலேயே திருப்பிப் போடுங்கள். கொடியை வெட்ட வேண்டாம். கீரைக்கு வேண்டுமானால் இளந்தளிரைக் கொஞ்சமாகக் கிள்ளிக்கொள்ளலாம், பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் அருமையாக இருக்கும்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கவனிக்க வேண்டியது கூன்வண்டுதான். எறும்பு போல மெலிந்து, கருநீல உடம்பும் செந்நிறக் கழுத்துமாக இருக்கும். கிழங்கு பெருக்கும்போது பாரில் வெடிப்பு விடும், வண்டு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. குடைந்த கிழங்கு கசக்கும், சமைக்க முடியாது. அதனால் வெடிப்பைக் கண்டவுடன் மண் அணைத்து மூடுங்கள். தை நடவுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பங்குனி, சித்திரை வெயிலில் மண் சீக்கிரம் பிளக்கும். சவுக்குச் சருகோ கரும்புச் சோகையோ பாரின் மேல் பரப்பினால் வெடிப்பு குறையும். இரண்டும் நம் பக்கத்தில் கிடைக்காத பொருளா?

தோண்டுவது

110 நாள் வாக்கில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். அப்போது ஒரு கிழங்கை மட்டும் எடுத்துக் குறுக்கே வெட்டிக் காற்றில் வையுங்கள். வடிகிற பால் நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது. வெட்டுவாய் கரும்பச்சையாக மாறினால் இன்னும் பத்து நாள் விடுங்கள்.

முற்றியது தெரிந்ததும், தோண்டுவதற்கு முன்பே நல்ல நுனிகளை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுங்கள். அவை அடுத்த நடவுக்கு. அதே பாரில் வேண்டாம், தோட்டத்தின் வேறு பக்கத்தில் நடுங்கள். பிறகு பாரின் ஓரத்திலிருந்து கொத்தி, கடைசி ஒரு சாண் மண்ணைக் கையாலேயே விலக்கிக் கிழங்கை எடுங்கள். கழுவாமல், நிழலில் ஒரு வாரம் வைத்த பிறகு வேகவையுங்கள். தோண்டிய அன்றைவிட இனிப்பு கூடியிருக்கும்.